புதிதாக வந்தவரின் கேள்விக்குப் பதில் எழுதுவது எப்படி? நிரல்மொழிக் குழுக்களில் உதவுபவர்களுக்கான முழு வழிகாட்டி

இரவு பதினொன்றரை மணிக்குக் குழுவில் ஒரு கேள்வி வந்து விழுகிறது. தலைப்பு: "பைதான் வேலை செய்யவில்லை, அவசரம்." உள்ளே, கணினித் திரையைக் கைப்பேசியால் எடுத்த கோணலான படம். பாதி எழுத்துகள் டியூப்லைட் வெளிச்சத்தில் காணாமல் போயிருக்கின்றன. கீழே இரண்டே வரி: "5, 3 என்று கொடுத்தால் 53 வருகிறது. பைதானில் பக் இருக்கிறதா?"

பக் என்றால் பிழை. பைதான் என்ற நிரல்மொழியில் பழகியவருக்கு என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். விசைப்பலகையிலிருந்து இன்புட் என்ற செயல்பாடு வாங்கித் தருவது எண் அல்ல, எழுத்துச்சரம், அதாவது வெறும் எழுத்துகளின் தொடர். இரண்டு எழுத்துச்சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் அவை ஒட்டிக்கொள்ளும். இன்ட் என்ற செயல்பாட்டைக் கொண்டு எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டினால் 8 வரும். இரண்டு நிமிடத்தில் எழுதி முடிக்கக்கூடிய பதில்.

அந்த இரண்டு நிமிடத்தில் என்ன எழுதுகிறோம், எப்படி எழுதுகிறோம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமான வழிகாட்டி. பல ஆண்டுகளாகப் பைதான், ரஸ்ட் என்ற நிரல்மொழிகளின் குழுக்களில் பதில் எழுதி வருகிறேன். நல்ல பதிலும் எழுதியிருக்கிறேன், எழுதியிருக்கக் கூடாத பதிலும் எழுதியிருக்கிறேன். இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று: புதியவரிடம் மரியாதையாக நடப்பது இனிக்க இனிக்கப் பேசுவதில் இல்லை, அவர் எழுதியதை ஒழுங்காகப் படிப்பதில் இருக்கிறது. நான் பார்த்த கடுமையான பதில்களில் பெரும்பாலானவை, கேள்வியைப் பாதி படித்துவிட்டு எழுதியவை.

படி 1: இரண்டு முறை படியுங்கள்

மேலே சொன்ன கேள்வியை இன்னொரு முறை பாருங்கள். தலைப்பு எரிச்சலூட்டுகிறது, படம் எரிச்சலூட்டுகிறது, "பக் இருக்கிறதா" என்பது இன்னும் எரிச்சலூட்டுகிறது. அந்த எரிச்சலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், என்ன உள்ளீடு கொடுத்தார் என்பது இருக்கிறது, என்ன விடை வந்தது என்பது இருக்கிறது, எது தவறு என்று அவர் நினைக்கிறார் என்பதும் இருக்கிறது. பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் அனுப்பும் பிழை அறிக்கைகளிலேயே இந்த மூன்றும் சேர்ந்து இருப்பதில்லை. "லாகின் ஆகல, பாருங்க" என்று வரும் அலுவலக மின்னஞ்சல்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே முதல் முறை படிக்கும்போது எரிச்சல் வரட்டும், அது இயல்பு. இரண்டாவது முறை படிக்கும்போது அவர் என்ன முயன்றார், என்ன எதிர்பார்த்தார், என்ன கிடைத்தது என்ற மூன்றை மட்டும் தேடுங்கள். கிடைத்தால் பதில் எழுதத் தொடங்கலாம். இரண்டாவது முறை படிக்க நேரமோ மனமோ இல்லையென்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இன்னொருவர் வருவார். அரைமணி நேரம் பதில் இல்லாமல் கிடந்த கேள்வியால் யாரும் மொழியை விட்டுப் போனதில்லை. சுடுசொல் கேட்டுப் போனவர்கள் உண்டு.

படி 2: தவறு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"பைதானில் பக் இருக்கிறதா" என்று கேட்டவர் ஏன் 8 வரும் என்று அவ்வளவு உறுதியாக நம்பினார்? காரணம் இருக்கலாம். பைதான் 2-இல் இன்புட் என்ற அதே செயல்பாடு, தட்டச்சு செய்ததைப் பைதானில் எழுதிய ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டு கணக்கிட்டுத் தரும். 5 என்று அடித்தால் எண்ணாகவே வரும். அங்கே இதே நிரல் 8 என்றுதான் விடை சொல்லும். 2008-இல் வந்த பைதான் 3-இல்தான் இது மாறியது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்துபோனாலும், அந்தக் காலத்து வீடியோக்களும் கல்லூரிக் குறிப்புகளும் இணையத்தில் அப்படியே இருக்கின்றன. நம்மவர் அப்படி ஒரு வீடியோவைப் பார்த்து வரிக்கு வரி அடித்திருந்தால், வீடியோவில் 8 வந்தது, தன் கணினியில் 53 வருகிறது. பக் என்று சந்தேகப்பட்டது அறியாமை அல்ல, சரியான தர்க்கம்.

அல்லது அவர் கல்லூரியில் சி மொழி படித்துவிட்டு வந்திருக்கலாம். அங்கே மாறியை அறிவிக்கும்போதே அது முழு எண் என்று சொல்லிவிடுகிறோம். வாசிக்கும்போதும் முழு எண்ணாகவே வாசிக்கச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் வந்தவருக்கு 53 என்பது மாயாஜாலம்தான்.

இன்னோர் உதாரணம். பைதானில் ஒரு வரியில் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், பழைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியைச் சுட்டிக்காட்டி "தவறான தொடரமைப்பு" என்று மட்டும் சொல்லும். அடுத்த வரியில் ஒரு குறையும் இருக்காது. புதியவர் அந்த நல்ல வரியையே அரை மணி நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் குழுவுக்கு வந்து, "இந்த வரியில் என்ன தப்பு?" என்று கேட்பார். "அடைப்புக்குறியை எண்ணிப் பார்க்கத் தெரியாதா?" என்ற பதில்கள் எத்தனையோ எழுதப்பட்டிருக்கும். 2021 அக்டோபரில் வெளிவந்த பைதான் 3.10, திறந்த அடைப்புக்குறி இருக்கும் இடத்தையே காட்டி, "இது மூடப்படவே இல்லை" என்று சொல்லத் தொடங்கியது. அதற்கு முன் கேட்டவர்கள் மேல் குற்றமில்லை. கருவிதான் தவறான இடத்துக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தது.

எனவே ஒரு கேள்வி முட்டாள்தனமாகத் தெரிந்தால், பதில் எழுதும் முன் உங்களையே கேளுங்கள்: "எந்த உலகத்தில் இவருடைய எதிர்பார்ப்பு சரியாக இருக்கும்?" நான் பார்த்தவரையில் அநேகமாக எப்போதும் அப்படி ஓர் உலகம் இருக்கிறது: பழைய பதிப்பு, வேறொரு மொழி, எக்செல், பள்ளிக் கணக்கு. அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் உங்கள் பதிலின் தொனி தானாகவே மாறிவிடும்.

படி 3: சின்னச் சொற்களைக் களையெடுங்கள்

கடுமையான பதிலில் கெட்ட வார்த்தை இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழில் ஒரு சின்ன இடைச்சொல்லே போதும்.

"இது தெரியாதா?" என்பது கேள்வி. "இதுகூடத் தெரியாதா?" என்பது அடி. "டாக்குமென்டேஷனில் இருக்கிறது" என்பது தகவல். "அதான் டாக்குமென்டேஷன்லயே இருக்கே" என்பது அலுப்பு. "சும்மா ஒரு லூப் போட்டா முடிஞ்சுது" என்று எழுதும்போது, மூன்று மணி நேரமாக அந்த லூப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவரிடம், நீ பட்ட பாடெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்கிறோம். "ரொம்ப ஈஸி", "சிம்பிள்தான்", "வெரி பேசிக்" எல்லாம் இதே வகை. தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் எழுதுகிறோம். ஆனால் "ஈஸி" என்று சொன்னது அவருக்குப் புரியாமல் போனால், அடுத்த கேள்வியைக் கேட்க வாய் வராது.

நியூயார்க்கில் ரிகர்ஸ் சென்டர் என்று ஓர் இடம் இருக்கிறது. நிரலாளர்கள் சில வாரங்கள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கற்றுக்கொள்ள மட்டும் கூடும் இடம். 2011-இல் தொடங்கியது. அங்கே நான்கு சமூக விதிகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, "என்னது, இது உங்களுக்குத் தெரியாதா!" என்று வியப்புக் காட்டக் கூடாது என்பது. அந்த வியப்பால் கேட்டவருக்கு எந்தப் பயனும் இல்லை, சொன்னவருக்கு மட்டும் ஒரு படி உயர்ந்தது போன்ற உணர்வு என்பதே அவர்கள் வாதம். அங்கே யாராவது இந்த விதியை மீறினால் பெரிய விசாரணையெல்லாம் இல்லை. சுட்டிக்காட்டுவார்கள், மீறியவர் "மன்னிக்கணும்" என்பார், பேச்சு தொடரும். இந்த லேசான முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் உதவும் குழு ஒன்றிலும் இப்படித்தான் செய்கிறோம்.

53 கேள்விக்கு என்ன எழுதலாம்? நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"வணக்கம். பைதானில் பக் இல்லை, ஆனால் நீங்கள் குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது. இன்புட் வழியாக வருவது எல்லாம் எழுத்துச்சரம். அதனால் 5-உம் 3-உம் கூட்டப்படாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. இரண்டு இன்புட்டையும் இன்ட் அடைப்புக்குறிக்குள் போட்டுப் பாருங்கள், 8 வரும். பழைய வீடியோ ஏதாவது பார்த்துப் படிக்கிறீர்களா? பைதான் 2-இல் இது வேறு மாதிரி நடக்கும். அடுத்த முறை படத்துக்குப் பதில் நிரலை அப்படியே இங்கே ஒட்டினால், நாங்களும் ஓட்டிப் பார்க்க முடியும்."

இதில் பாராட்டு இல்லை, இமோஜி இல்லை. முதல் வரியிலேயே அவர் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. காரணம், தீர்வு, அவர் பின்னணியைப் பற்றி ஒரு கேள்வி எல்லாம் வந்தபிறகே அறிவுரை வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, "முதலில் படம் போடுவதை நிறுத்துங்கள்" என்று தொடங்கியிருந்தால், மீதியை அவர் காது சூடேறிய நிலையில்தான் படிப்பார்.

படி 4: விவரம் போதாதபோது

சில கேள்விகளில் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. "என் புரோகிராம் ஓடவில்லை, ஹெல்ப்." அப்போது ஒரே நேரத்தில் ஏழு கேள்வி கேட்காதீர்கள். ஒன்றோ இரண்டோ கேளுங்கள், அதற்குப் பதில் எப்படித் தருவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எரர் மெசேஜ் முழுவதையும் கொடுங்கள்" என்பதைவிட, "கறுப்புத் திரையில் ட்ரேஸ்பேக் என்று தொடங்கும் வரியிலிருந்து கடைசி வரி வரை தேர்ந்தெடுத்து, காப்பி செய்து இங்கே ஒட்டுங்கள்" என்பது அவருக்குச் செய்யக்கூடிய வேலையாக இருக்கும்.

படம் ஏன் வேண்டாம் என்பதற்கும் காரணத்தைச் சொல்லுங்கள். படத்திலிருந்து நிரலை எடுத்து ஓட்ட முடியாது. நாளை இதே சிக்கலோடு வருபவர் தேடினால் கிடைக்காது. பார்வையற்ற நிரலாளர்களின் திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது. காரணம் தெரிந்தவர்கள் மறுமுறை தாங்களாகவே சரியாகச் செய்கிறார்கள்.

நிரலை ஒட்டும்போது உள்தள்ளல், அதாவது வரிகளின் தொடக்கத்தில் விடும் இடைவெளி, கலைந்துபோய் வந்தால், முதல் முறை நீங்களே சரிசெய்து கொடுங்கள். பைதானில் உள்தள்ளல் கலைந்தால் பொருளே மாறிவிடும் என்பதால், இது அலங்கார வேலை அல்ல.

வேறொரு வகையும் உண்டு. ஒருவர் விசித்திரமான எதையோ செய்ய வழி கேட்பார். கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை எப்படி எடுப்பது என்று கேட்பார். கோப்பின் நீட்டிப்பை, அதாவது பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதை, அறிவதே உண்மையான தேவை. நீட்டிப்பு எப்போதும் மூன்று எழுத்தாக இருக்காது. இங்கே "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். முதலில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, "நீட்டிப்பைத்தான் தேடுகிறீர்கள் என்றால் அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது" என்று தொடருங்கள்.

படி 5: "ஏற்கெனவே கேட்ட கேள்வி"

2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளம், உரையாடலுக்கான இடமாக வடிவமைக்கப்படவில்லை. நல்ல கேள்வியும் நல்ல பதிலும் சேர்ந்த ஒரு களஞ்சியமாக வளர வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் ஒரே கேள்வி மறுபடி வந்தால் டூப்ளிகேட் என்று மூடுகிறார்கள், கேள்வியின் முடிவில் எழுதிய "நன்றி"யைக்கூட நீக்கிவிடுகிறார்கள். களஞ்சியத்தின் பார்வையில் இது நியாயம். ஆனால் முதல் கேள்வியை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பவரின் பார்வையில், கதவு முகத்தில் சாத்தப்பட்டது, நன்றி சொன்னதும் அழிக்கப்பட்டது. இரண்டு நோக்கங்களும் மோதும் இடம் இது. 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே, தங்கள் தளம் பலருக்கு, குறிப்பாகப் புதிய நிரலாளர்களுக்கும் பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும், பகைமையான இடமாகத் தோன்றுகிறது என்று வெளிப்படையாக எழுதியது. அதே ஆண்டில் புதிய நடத்தை நெறியும், புதிதாகக் கேட்பவரின் பெயருக்குப் பக்கத்தில் "புதிய பங்களிப்பாளர்" என்ற குறியும் வந்தன.

அந்தக் குறியால் எவ்வளவு மாறியது என்பது வேறு விவாதம். நம் கையில் இருப்பது ஒரு வரி. டூப்ளிகேட் என்று மூடும்போது, பழைய பதில் இவருடைய நிரலுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று அந்த ஒரு வரியில் எழுதுங்கள். "அந்தப் பதிலில் வயது என்ற மாறிக்குச் செய்ததை நீங்கள் உங்கள் முதல் எண்ணுக்குச் செய்ய வேண்டும்." புதியவருக்குக் கடினமே இந்தப் பொருத்திப் பார்த்தல்தான். அது தெரிந்திருந்தால் அவரே தேடிக் கண்டுபிடித்திருப்பார்.

"டாக்குமென்டேஷனைப் படி" என்பதற்கும் இதேதான். எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று சொன்னால் அது உதவி. சொல்லாவிட்டால் விரட்டல்.

படி 6: தெரிந்ததையெல்லாம் கொட்டாதீர்கள்

திட்டுவது மட்டும்தான் புதியவரைத் துரத்தும் என்றில்லை. அன்பான நிபுணர்களின் ஆர்வமும் துரத்தும். ஹாஸ்கல் மொழிச் சமூகம் இதற்கு நல்ல உதாரணம். பொதுவாக அன்பாகப் பேசுபவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். ஆனால் ஒருவர் வந்து, ஒரு வரியைத் திரையில் பத்து முறை அச்சிடுவது எப்படி என்று கேட்டால், முதல் பதில் சரியாக இருக்கும். இரண்டாவது ஆள் அதை இன்னும் சுருக்கமாக எழுதுவார். மூன்றாவது ஆள் அதைவிடப் பொதுவான வடிவம் ஒன்றைக் காட்டுவார். நான்காவது ஆள் வகைமைக் கோட்பாடு என்ற உயர்கணிதத்துக்குள் போய்விடுவார். அப்போது கேள்வி கேட்டவர் அங்கே இருக்கமாட்டார். ஹாஸ்கலில் அடிக்கடி வரும் மோனாட் என்ற கருத்து என்ன என்று கேட்டவருக்கு அதன் கணித வரையறையைத் தருவது, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவரிடம் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று விளக்குவது போல. சொன்னதில் பிழை இருக்காது, தாகமும் தீராது.

இதே சமூகத்தில்தான் 2016-இல், ஹாஸ்கலின் முன்னோடிகளில் ஒருவரான சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ், ஒருவருக்கொருவர் மரியாதையாக எழுதுங்கள் என்று எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள் எழுதினார். பின்னால் மரியாதையான உரையாடலுக்கான வழிகாட்டு நெறிகளும் உருவாயின. தண்டனைப் பட்டியலாக இல்லாமல், நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோம் என்ற குரலில் எழுதப்பட்டவை அவை.

நடைமுறையில் செய்ய வேண்டியது: கேட்டவரின் நிரலில் இருக்கும் சொற்களை வைத்தே பதில் சொல்லுங்கள். புதிய கருத்து ஒன்றுக்கு மேல் வேண்டாம். மற்றொரு உதவியாளர் சொன்னதில் சின்னத் திருத்தம் இருந்தால், அது புதியவருக்கு இன்றைக்குத் தேவையா என்று பாருங்கள். "உண்மையில் பார்த்தால்..." என்று தொடங்கும் திருத்தங்களில் பாதி, கேட்டவருக்காக எழுதப்படுவதில்லை. நிபுணர்களுக்குள் விவாதிக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு த்ரெட் திறந்துகொள்ளுங்கள்.

படி 7: நம்மவர் ஆங்கிலமும் நம்மவர் மரியாதையும்

உலகக் குழுக்களில் தமிழர்கள் பலர் கேள்வி கேட்கிறார்கள். அங்கே ஒரு சொல் நம்மைப் படுத்தும் பாடு தனிக்கதை. நாம் வகுப்பில் கேட்பது சந்தேகம். அதை அப்படியே "ஐ ஹேவ் எ டவுட்" என்று எழுதுகிறோம். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ படிப்பவருக்கு அது கேள்வியாகத் தெரியாது, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்பது போல ஒலிக்கும். "கோடு கொடுங்க" என்பதில் இருக்கும் "ங்க" என்ற மரியாதை, "கிவ் மீ தி கோட்" ஆகும்போது காணாமல் போய், வெறும் கட்டளை மட்டும் நிற்கும். பதில் எழுதும் இடத்தில் நீங்கள் இருந்தால், இது மொழிபெயர்ப்பில் விழுந்த பள்ளம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் தெரியாத சக உதவியாளர் கோபப்பட்டால், அவருக்கும் ஒரு வரியில் விளக்குங்கள். நான் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "இது எனக்குத் தெரியாமல் போயிற்றே" என்றுதான் பதில் வந்தது.

தமிழில் இயங்கும் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் சிக்கல் வேறு மாதிரி. முகம் தெரியாதவரை எப்படி விளிப்பது? "தம்பி" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. எதிரில் இருப்பவர் ஓய்வுபெற்ற பிறகு நிரல் கற்க வந்த ஆசிரியையாக இருக்கலாம். "சார்" என்பதும் இதே ஊகம்தான். குழுவில் உதவும் பெண்கள் நாளெல்லாம் "சார்" என்று அழைக்கப்பட்டு அலுத்துப்போயிருக்கிறார்கள். "ப்ரோ" மட்டும் எப்படிப் பொருந்தும்? பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லி "நீங்க" போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் "வணக்கம்" போதும். கல்லூரி முதலாண்டு மாணவராகவே இருந்தாலும் "நீ" வேண்டாம். "நீ" என்று கூப்பிட்டவரிடம் இரண்டாவது கேள்வி கேட்கும் துணிச்சல் பலருக்கு வராது.

படி 8: எல்லாப் புதியவர்களும் பணிவாக வரமாட்டார்கள்

வீட்டுப்பாடத்தை அப்படியே ஒட்டி, "நாளை காலை சமர்ப்பிக்கணும்" என்பவர்கள் உண்டு. முழு விடையையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. "இதில் எந்த வரி வரை உங்களால் எழுத முடிந்தது? அங்கிருந்து சேர்ந்து பார்க்கலாம்" என்று கேளுங்கள். உண்மையாகக் கற்க வந்தவர் காட்டுவார், மற்றவர் போய்விடுவார். யாரையும் சோம்பேறி என்று சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு வகையினர் வருகிறார்கள். இயந்திரம் எழுதித் தந்த நூறு வரியை ஒட்டி, எங்கே தவறு என்று கேட்கிறார்கள். அந்த நிரலை அவர்களால் விளக்க முடியாது. கேலி செய்யத் தோன்றும். ஆனால் அவர் இயந்திரத்தோடு முட்டிமோதிவிட்டு, கடைசியில் ஒரு மனிதரைத் தேடி வந்திருக்கிறார். பத்து வரியாகக் குறைத்து, அந்தப் பத்து வரியையும் அவருக்குப் புரியவைப்பதே சரியான உதவி.

திட்டுபவர்களும் வருவார்கள். "இது என்ன கேவலமான மொழி" என்று தொடங்குவார்கள். நிரல் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் ஆளைத் தாக்கினால், நீங்கள் மல்லுக்கு நிற்காமல் மாடரேட்டரிடம் விடுங்கள். பொறுமை வேறு, சகித்துக்கொண்டே இருப்பது வேறு. புதியவர் என்பதற்காக உதவியாளரை இழிவாகப் பேச விடக் கூடாது.

படி 9: குழுவை நடத்துபவர்களுக்கு

ஒரு காலத்தில், யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் நாட்களில், புதியவர்கள் ஆண்டுக்கொரு முறை செப்டம்பரில் மொத்தமாக வருவார்கள். அமெரிக்காவில் கல்லூரி திறந்து மாணவர்களுக்கு இணையக் கணக்குக் கிடைக்கும் மாதம் அது. பழையவர்கள் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். 1990-களின் முதல் பாதியில் வணிக இணைய நிறுவனங்கள் பொதுமக்களை உள்ளே விட ஆரம்பித்ததும், புதியவர் வருகை நிற்கவே இல்லை. அதை முடிவில்லாத செப்டம்பர் என்றார்கள். 1993 செப்டம்பரையே அதன் தொடக்கமாகக் கணக்கு வைக்கிறார்கள். நாம் எல்லோரும் அந்தச் செப்டம்பருக்குள்தான் இருக்கிறோம். எனவே வரவேற்பை யாரோ ஓரிருவரின் நல்ல மனதுக்கு விடாமல், ஏற்பாடாகச் செய்ய வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் முதலாவது எழுதப்பட்ட நெறி. ரஸ்ட் மொழி தொடக்க காலத்திலிருந்தே நடத்தை நெறியோடு வளர்ந்தது. யாரும் எந்த வேறுபாட்டுக்காகவும் ஒதுக்கப்படக் கூடாது என்று அது அடுக்கும் பட்டியல் அனுபவத்தின் அளவிலிருந்து தொடங்குகிறது. பாலினம் முதலியவை பிறகு வருகின்றன. புதியவர் என்பதும் பாதுகாக்கப்பட வேண்டிய நிலை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ரஸ்ட்டில், நாம் எழுதும் நிரலைக் கணினிக்கு ஏற்ப மாற்றித் தரும் கம்பைலரும் இந்தப் பண்போடு பேசும். ஒரு மதிப்பைக் கைமாற்றிவிட்டு மறுபடி பயன்படுத்தினால், எங்கே கைமாறியது, எங்கே மறுபடி தொட்டீர்கள் என்று இரண்டு இடத்தையும் கோடிட்டுக் காட்டும். பல நேரங்களில் திருத்தும் வழியையும் சொல்லும்.

இரண்டாவது, மூத்தவர்களுக்கும் அதே நெறி. 2021 நவம்பரில் ரஸ்ட்டின் மாடரேட்டர் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத இடத்தில் இருக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பின்னர் நிர்வாக அமைப்பே மாற்றப்பட்டு, 2023-இல் தலைமைக் கவுன்சில் வந்தது. நல்ல பெயரெடுத்த சமூகத்துக்கே இந்த நிலை. உங்கள் குழுவில் அதிகம் தெரிந்தவர், அதிகம் உதவுபவர், ஆனால் வாய் துடுக்கானவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் தனியாகப் பேசுங்கள். குறிப்பிட்ட பதிலை எடுத்துக் காட்டி, எப்படி எழுதியிருக்கலாம் என்று சொல்லுங்கள். தள்ளிப்போட்டால், புதியவர்களும் அவரைப் பார்த்துத்தான் பேசக் கற்றுக்கொள்வார்கள். ரூபி மொழியில் நேர்மாறாக நடந்தது. அதை உருவாக்கிய யுகிஹிரோ மட்ஸுமோட்டோ நல்லவர், ஆகவே நாங்களும் நல்லவர்களாக இருக்கிறோம் என்பதையே ஒரு சொல்வழக்காக்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது, ஒரே கேள்வி ஐந்தாவது முறை வந்தால் அதை ஆவணத்துக்கு எடுத்துப் போங்கள். குறிப்பு எழுதுங்கள், எரர் மெசேஜ் குழப்புகிறது என்று மொழியை உருவாக்குபவர்களிடம் சொல்லுங்கள். பைதான் 3.10-இன் அடைப்புக்குறிச் செய்தி போன்ற ஒரு மாற்றம், நாம் ஆயுள் முழுக்க எழுதும் பதில்களைவிட அதிகம் பேருக்கு உதவும்.

படி 10: வார்த்தை தடித்துவிட்டால்

ஒரு முறை நான் எழுதியது இது: "இதே கேள்வி இந்த வாரத்தில் நாலாவது முறை. தேடிப் பார்க்கும் பழக்கமே இல்லையா?" வேலையில் மோசமான நாள் அது. எழுதியதும் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் பார்த்தபோது, கேட்டவர் கேள்வியையே அழித்திருந்தார். என் வாக்கியம் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. தனிச்செய்தி அனுப்பினேன். அது படிக்கப்படவே இல்லை. அவர் நாலாவது ஆள் என்பது எனக்குத்தான் தெரியும். அவருக்கு அது முதல் முறை.

அதற்குப் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான். தவறு தெரிந்தவுடன், பதிலைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். பட்டவர் ஏற்கெனவே படித்திருப்பார். மன்னிப்பைத் தனிச்செய்தியில் கேட்காமல், எல்லோரும் பார்க்கும் அதே இடத்தில் கேளுங்கள். அவமானம் அங்கேதான் நடந்தது. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று இழுக்காமல், "நான் எழுதியது தவறு, மன்னிக்கவும்" என்று ஒரே வரியில் முடியுங்கள். ஏன் அப்படி எழுதினேன் என்ற காரணம் வேண்டாம். அடுத்த பத்தியில், அவர் கேட்ட கேள்விக்கு முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய பதிலை எழுதுங்கள்.